காணும் என்று சொன்னேன்

நான் ஒரு யூனிவர்சிற்றியில் பல வருடம் இருந்தேன். படிக்க அல்ல. கதவைப் பார்த்துக்கொள்ள.

லண்டனின் நடுவில் இருக்கிற யூனிவர்சிற்றி. மாணவர்களுக்கென்று அங்கே ஒரு தனிக் கட்டடம். அதன் கீழ்த்தட்டில் பெரிய மண்டபம். மண்டப வாசலில் எனக்கு ஒரு கதிரை தந்திருந்தார்கள். அதில் இருக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நின்றால்தான் செக்கியூரிற்றியாம். அப்படியென்றால் கதிரை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த மண்டபத்துக்குக் கிழமைக்கு ஒரு கலாசாரம் வரும். ஒரு கிழமை சீனம். ஒரு கிழமை நைஜீரியா. ஒரு கிழமை பஞ்சாப். எல்லாம் வேறு வேறு என்று மேடையில் சொல்வார்கள். வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்று. பெரிய ஸ்பீக்கர், மேசையில் ஆறிப்போன சாப்பாடு, கையில் மருதாணி, கடைசியில் வட்டமாக நின்று துள்ளல். தாய் தகப்பன் ஓடி வரும்போது விட்டுவிட்டு வந்ததைப் பிள்ளைகள் வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு வருவார்கள். படம் எடுப்பார்கள். திங்கட்கிழமை பழையபடி கிழிந்த ஜீன்ஸ்.

எங்கள் பிள்ளைகளை மட்டும் விடுவானேன். அங்கே இரண்டு தமிழ்ச் சங்கம். ஒன்று உடைந்து இரண்டானது. ஏன் உடைந்தது என்று இரண்டு பக்கமும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் எனக்கு விளங்கவில்லை. பொங்கலையும் இரண்டாகப் பொங்கினார்கள். மேடையில் மூன்று கல், அதன்மேல் மண் பானை, பானைக்குக் கீழே சிவப்புக் கடதாசியில் வெட்டிய நெருப்பு. உண்மையான பொங்கல் பின்னால் எலெக்ரிக் குக்கரில் வெந்தது. குக்கர் 'டிங்' என்றதும் எல்லோரும் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒருவன் கற்பூரம் கொளுத்தினான். அலாரம் அடித்தது. முழுக் கட்டடமும் தெருவில் நின்றது.

அன்றைக்கு நான் வெளிவாசலில் நின்றேன். ஆனாலும் ஏச்சு எனக்குத்தான்.

ஏசியவர் என் முதலாளி. யூனிவர்சிற்றிக்கு ஆள் அனுப்புகிற கொம்பனி அவருடையது. எங்கள் ஆள். ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் இங்கிலீஷுக்காக லண்டனுக்கு வந்தவர். என்னை விடப் பத்து வயது குறைவு. அதனால் 'அண்ணை' என்று கூப்பிட்டுக்கொண்டே ஏசுவார். மரியாதை ஒரு சொட்டும் குறையாது. ஏச்சும் குறையாது.

"அண்ணை, ஜேர்மனியில எண்டால் இதுக்கு ஆளை அண்டைக்கே வீட்ட அனுப்பிப் போடுவாங்கள். நான் எண்டபடியால் பொறுக்கிறன்."

"ஓம் தம்பி."

"இன்னொருக்கா அந்த அலாரம் அடிச்சா, மண்டபத்துக்குப் பொறுப்பான மனுசி வேற ஆள் கேப்பா. என்னட்டப் பகலுக்கு வேற இடம் இல்லை. இரவுதான் இருக்கு. விளங்குதோ?"

"விளங்குது."

விளங்கியது. எனக்கு இரவு ஏலாது. என் மனுசிக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து கிடக்கிறது. பகலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து எட்டிப் பார்க்கும். கவுன்சிலும் ஒரு ஆளை அனுப்பும். இரவில் அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவும் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் என்னை விட்டால் ஆள் இல்லை. மகன் கனடாவில். அவன் போனில் தூக்குவான்.

ஆகவே பொங்கலுக்குப் பிறகு நான் நெருப்பைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. பையைத் திறந்து காட்டச் சொல்வேன். லைட்டர், சாம்பிராணி, மெழுகுதிரி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பெட்டிக்குள் போடுவேன். தீபாவளிக்கு ஒரு குஜராத்திப் பிள்ளை அழுதது. பற்றரியில் எரிகிற விளக்கு வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

கார்த்திகை மாதக் குளிரில் அரபுச் சங்கத்தின் முறை வந்தது.

சங்கத் தலைவி ஒரு பெண். லண்டனில் பிறந்தவள். தகப்பன் ஜோர்தான். வழக்கறிஞருக்குப் படிக்கிறாள் என்று அவள் கதைப்பதிலேயே தெரியும். இங்கிலீஷில்தான் கதைப்பாள். எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். என்னை 'அங்கிள்' என்பாள். ஒரு கிழமைக்கு முன்னமே வந்து என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், நெருப்பு ஒண்டும் இல்லை. கோப்பி கூட ஃபிளாஸ்க்கிலதான். சத்தியம்."

"சாம்பிராணி?"

"அதுவும் இல்லை. அப்பா கரியடுப்புக் கொண்டுவரவோ எண்டு கேட்டவர். செக்கியூரிற்றி அங்கிள் விடமாட்டார் எண்டு சொல்லிப் போட்டன்."

"நல்லது."

சனிக்கிழமை காலை சாமான் வந்து இறங்கியது. பாலைவனக் கூடாரம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. அது கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் வைத்திருக்கிற கல்யாண வாடகைக் கடைக் கூடாரம். அந்தச் சிவப்புக் குஷன்களை எனக்குத் தெரியும். எங்கள் சனத்தின் அரைவாசிப் பெண் பிள்ளைகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு அவற்றில் சாய்ந்து படம் எடுத்திருக்கிறார்கள். பிள்ளையாரை மட்டும் கழற்றிவிட்டு அனுப்பியிருந்தான். கெட்டிக்காரன்.

ஆள் உயரத்துக்கு ஒரு அட்டை ஒட்டகம் வந்தது. படம் எடுக்க அதற்கு முன்னால் கியூ. மருதாணி போட வந்தது போன கிழமை தீபாவளிக்கு அழுத அதே குஜராத்திப் பிள்ளை. வயிற்றை ஆட்டி ஆடுகிற பெண் வந்தா. இத்தாலியாம். மேடையில் ஒருவன் இடுப்பில் கத்தி செருகிக்கொண்டு பாலைவனத்தைப் பற்றிப் பேசினான். பாலைவனம் தன் இரத்தத்தில் இருக்கிறது என்றான். அவன் வீடு விம்பிள்டனில். என்னோடு அதே ரயிலில் வருகிறவன். மழை தூறினால் ஸ்டேஷனை விட்டு இறங்கமாட்டான்.

பிறகு சண்டை தொடங்கியது. அரபு என்றால் ஒரு நாடு என்று நான் நினைத்திருந்தேன். இருபதுக்கு மேலே நாடாம். கடலையை அரைத்துச் செய்கிற ஹம்மஸ் ஆருடையது என்று லெபனான் பிள்ளையும் சிரியாப் பிள்ளையும் முறுகினார்கள். எகிப்துக்காரன் ஒருவன் எல்லாமே தங்களுடையது என்றான். மொரோக்கோப் பிள்ளை கதைத்த அரபு மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களை இங்கிலீஷ் சேர்த்து வைத்தது. பார்க்க மனதுக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் சனம்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் கடந்ததும் சனம் நிறைந்தது. ஐந்து மணிக்கு யூனிவர்சிற்றிப் பெரியவர் ஒருவர் பேச வருவதாக இருந்தது. அதற்கு முதல் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். முழங்கால் வரை பூ வேலை செய்த கறுப்பு உடுப்பு.

"அங்கிள், காலையில இருந்து நிக்கிறீங்கள். கூடாரத்துக்குள்ள வாங்கோ. அப்பா கோப்பி ஊத்துறார்."

"வேண்டாம் பிள்ளை."

"விருந்தாளி வரமாட்டன் எண்டா எங்களுக்கு அவமானம்."

"நான் விருந்தாளி இல்லை. டியூட்டி."

"ரெண்டு நிமிஷம். பிளீஸ் அங்கிள். அப்பா கேட்டவர், அந்த வாசல்ல நிக்கிற ஐயா ஏன் வரேல்லை எண்டு."

போனேன். ஐயா என்றது ஒரு காரணம். கால் வலித்தது மற்றக் காரணம்.

கூடார வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலில் கழற்றிப் பழகிய கால்தான். கழற்றினேன். உள்ளே அவள் தகப்பன் குஷனில் சம்மாணம் கொட்டி இருந்தார். வயது என் வயது. மீசை என் மீசையை விட நல்லது. மேற்கு லண்டனில் சாமான் ஏற்றுகிற வான் ஓடுகிறவராம். முன்னால் மினுக்கிய பித்தளைக் கூசா, நீண்ட மூக்கோடு. ஆனால் கோப்பி ஊற்றியது பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கிலிருந்து. ஒவ்வொரு தடவையும் அதைத் திருகும்போது செத்த எலியைத் தூக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். அரபு. நான் தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டல் தெரியும்தானே. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அவருக்கு அது நன்றாகப் பிடித்தது. இன்னும் நீளமாகச் சொன்னார். நானும் இன்னும் ஆட்டினேன். என் நிறத்தைப் பார்த்து அவர் என்னை யேமன்காரன் என்று நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. யேமன்காரனோடு அரபில்தானே கதைப்பார்.

கோப்பை சின்னது. பிடி இல்லை. அடியில் கொஞ்சம் கோப்பி. ஏலக்காய் மணக்கிற கசப்பு. குடித்துவிட்டு நீட்டினேன். வாங்கி வைப்பார் என்று நீட்டியது. அவர் நிரப்பினார். குடித்தேன். நீட்டினேன். நிரப்பினார். எங்கள் வீடுகளில் மிச்சம் வைத்தால் வீட்டுக்காரிக்குக் கோபம் வரும். அதனால் மிச்சம் வைக்கவில்லை. அவர் வழக்கத்தில் வெறுங்கோப்பை நீட்டினால் இன்னும் தா என்று அர்த்தம் போல. இரண்டு மரியாதையும் மோதிக்கொண்டன. இடையில் என் வயிறு.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அது ஆட்டுப்பட்ட விதத்தில் நல்லாயிருக்கிறது என்று விளங்கிக்கொண்டு இன்னும் ஊற்றினார். ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் வோக்கி-டோக்கி. கையால் மறிக்கவும் வழியில்லை. கடைசியில் வாயைத் திறந்தேன்.

"காணும் ஐயா. காணும்."

எங்கள் ஊரில் போதும் என்று சொல்வதில்லை. காணும் என்போம்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. கண்ணை விரித்து என்னைப் பார்த்தார்.

"கானூன்?"

ஒரு சொல் தமிழ் படிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் சந்தோஷம்.

"ஓம் ஓம். காணும்."

"கானூன்!" என்றார். நெஞ்சில் அடித்துக்கொண்டார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஃபிளாஸ்க்கைக் காலால் தள்ளிவிட்டார். எழும்பிப் பக்கக் கதவால் வெளியே போனார். ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாரே, விளக்கமான மனிதர் என்று நினைத்தேன்.

அந்த நேரம் வோக்கி-டோக்கி கத்தியது. பெரியவர் வந்து இறங்கிவிட்டார், முன் கதவைத் திற என்று. கூடார வாசலில் ஒரு மலை சப்பாத்து. எல்லாம் கறுப்பு. என்னுடையதைத் தேட நேரம் இல்லை. காலுறையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.

பெரியவர் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். ஆரோ காரில் வைத்துக் கட்டிவிட்டிருக்கிறார்கள். மேலே வைக்கிற கறுப்பு வளையம் ஒரு காதில் தொங்கியது. அவருக்குப் பின்னால் மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரி. அவவுக்குப் பின்னால் என் முதலாளி, கோட்டும் டையும். பெரியவர்கள் வந்தால் அவரும் படத்தில் நிற்க வருவார்.

முதலாளி என் காலைப் பார்த்தார்.

"அண்ணை, உதென்ன கோலம்?"

"சப்பாத்துக் கூடாரத்துக்க."

"கூடாரத்துக்க உங்களுக்கு என்ன வேலை?"

"கோப்பி."

அதற்கு மேல் ஏச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரியவர் மேடைக்கு ஏறிவிட்டார். சலாம் என்று தொடங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். வேற்றுமைதான் நமது பலம் என்றார். போன கிழமையும் அதையே சொன்னவர். வேற்றுமையின் சுகந்தத்தை இந்த மண்டபத்தில் உணர்கிறேன் என்று மூக்கை உறிஞ்சினார்.

நானும் உறிஞ்சினேன். கரி மணம். வறுபடுகிற கோப்பிக்கொட்டை மணம்.

திரும்பிப் பார்த்தேன். கூடாரத்தின் உச்சியால் புகை போய்க்கொண்டிருந்தது. உள்ளே அவள் தகப்பன், முன்னால் ஒரு இரும்புக் கரியடுப்பு, கரி தணலாய்ப் பழுத்திருந்தது. நீளக் கைபிடிச் சட்டியில் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். முகம் முழுக்கச் சந்தோஷம். ஃபிளாஸ்க்கை அங்கே காணவில்லை.

நான் ஓட, அலாரம் அடித்தது.

தெருவில் குளிர். நூற்றுக்கணக்கில் சனம். மற்றத் தட்டுகளில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இறங்கி வந்து திட்டினார்கள். அட்டை ஒட்டகத்தை இரண்டு பேர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் சப்பாத்தை ஆரும் தூக்கவில்லை. நனைந்த நடைபாதையில் காலுறையோடு நின்றேன். பத்துப் பேர் கை கோர்த்துக் குளிருக்காகத் துள்ளத் தொடங்கினார்கள். அன்று முழுவதும் நடந்ததில் அது ஒன்றுதான் கலாசாரம் மாதிரி இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. ஒருவர் பெரிய கையுறையோடு கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் தகப்பன், கொட்டை கருகிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டு.

பொறுப்பான வெள்ளைக்காரி நேரே என்னிடம் வந்தா. முதலாளி பக்கத்தில்.

"அந்த நெருப்பை ஆர் உள்ளே விட்டது?"

நான் வாயைத் திறக்க முதல் அந்தப் பெண் ஓடி வந்தாள். என்னைக் காப்பாற்ற. வழக்கறிஞர் அல்லவா.

"அங்கிளில பிழை இல்லை! அங்கிள் எங்கட விருந்தாளி. கூடாரத்துக்குள்ள இருந்து அப்பாவோட கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தவர்."

"டியூட்டி நேரத்திலா?"

"ஓம். கனநேரம். வானுக்குள்ள கிடந்த அடுப்பை அப்பாவா எடுத்துக்கொண்டு வரேல்லை. அங்கிள்தான் கேட்டவர். எங்கட வழக்கத்தில விருந்தாளி கேட்டா இல்லை எண்டு சொல்லேலாது. செக்கியூரிற்றியே கேட்டபடியால் அனுமதி எண்டு அப்பா நினைச்சவர்."

வெள்ளைக்காரி என்னைப் பார்த்தா. முதலாளி என்னைப் பார்த்தார். தலைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். அவளைப் போல இரண்டு பேர் எனக்காக வாதாடினால் தூக்கில் போட்டிருப்பார்கள்.

முதலாளி தமிழில் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணை. நீங்கள் நெருப்புக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பேந்து என்ன கேட்டனீங்கள்?"

"ஒண்டும் கேக்கேல்லை. காணும் எண்டு சொன்னனான்."

"காணும் எண்டா?"

"கோப்பி காணும் எண்டு."

அந்தப் பெண் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "அதுதான்! கானூன்! அதுதான் அங்கிள் கேட்டவர். கானூன் எண்டா எங்கட பாசையில கரியடுப்பு. குளிர் காலத்தில அதைச் சுத்தித்தான் எல்லாரும் இருந்து கோப்பி குடிக்கிறது. அப்பா அழுற நிலைமைக்கு வந்திட்டார். இந்த ஊரில அந்தச் சொல்லைச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லையாம்."

முதலாளி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜேர்மனியில் இருபது வருடம் சேர்த்து வைத்த சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெள்ளைக்காரிக்கு விளங்கப்படுத்தினார். இது தமிழ், அது அரபு, இவர் போதும் என்றார், அவர் காதில் அடுப்பு என்று விழுந்தது.

"போதும் என்று சொன்னார். அதனால் நெருப்புக் கொண்டுவந்தார்கள்," என்றா வெள்ளைக்காரி.

"அப்படித்தான்."

அவ சிரிக்கவில்லை. போனில் எழுதிக்கொண்டா.

தகப்பன் கடைசியில் என்னிடம் வந்தார். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் யேமன் இல்லை என்பது அவருக்குப் பெரிய நட்டம் போல இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு வெறுங்கோப்பையை எடுத்தார். இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாகச் சின்னதாய் ஆட்டிக் காட்டினார். என் கையில் தந்தார். நானும் ஆட்டினேன். அவ்வளவுதானாம். கோப்பையை ஆட்டினால் காணும் என்று அர்த்தமாம். அதன்பிறகு ஒரு சொட்டும் ஊற்றமாட்டார்களாம். வாயே திறக்கத் தேவையில்லை. எனக்கென்றே செய்த வழக்கம். ஒரு மணித்தியாலம் முதல் காட்டியிருக்கலாம்.

வீட்டுக்குப் போனேன். மனுசி கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஈரக் காலுறையைப் பார்த்தாள். சப்பாத்துக் கிடைத்தது, ஆனால் ஒன்று வேறு ஆளுடையது. நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு இப்போது நாக்கு மெதுவாகத்தான் திரும்பும். ஆனால் நல்ல இடத்துக்குத் திரும்பும்.

"இஞ்சருங்கோ. முப்பது வருசமா வாயைத் திறக்காத மனுசன். திறந்தது ஒரு சொல்லு. அதுக்கு ஃபயர் எஞ்சின் வந்திருக்கு."

"ஓம்."

"இனி இரவோ?"

"தெரியேல்லை."

அதற்குப் பிறகு அவள் பகிடி விடவில்லை. மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி போன் எடுத்தார். மண்டபத்துக்குப் பொறுப்பான மனுசியோடு கதைத்துவிட்டாராம். எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்று அவ இறங்கி வந்திருக்கிறாவாம். "கொஞ்ச நாளைக்கு மூச்சுக் காட்டாமல் நில்லுங்கோ அண்ணை. எல்லாம் மறந்து போவினம்." மூச்சுக் காட்டாமல் நிற்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. இரண்டு நாள் நின்றேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். இன்டர்நெற்றில் என் படம். காலுறையோடு கதவைத் திறந்துகொண்டு நிற்கிறேன். மேலே பெரிய எழுத்து. அரபுக் கலாசாரத்தை மதித்ததற்காக மிரட்டப்படும் தொழிலாளி, அவருக்கு நீதி வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்.

"எச்சரிக்கை எண்டு கேள்விப்பட்டன் அங்கிள். நாங்கள் விடமாட்டம்."

"பிள்ளை, வேண்டாம்."

"பயப்பிடாதேங்கோ."

"வேண்டாம் எண்டு சொல்றன்."

"உங்கட பணிவுதான் எங்களுக்கு உற்சாகம்."

வேண்டாம் என்ற சொல்லுக்கு எந்த ஊரிலும் மதிப்பில்லை. பின்னேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து. எச்சரிக்கை என்பது 'வேலை நீக்கம்' ஆகியிருந்தது. கரியடுப்பு 'பாரம்பரியம்' ஆகியிருந்தது. ஒரு தமிழ்ச் சங்கம் என்னை ஆதரித்து அறிக்கை விட்டது. மற்றச் சங்கம், முதல் சங்கத்துக்கு என்னைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்று அறிக்கை விட்டது. ஒருவரும் என் பெயரைச் சரியாக எழுதவில்லை. மண்டப வாசலில் பதாகையோடு பத்துப் பேர் வந்து நின்றார்கள். எனக்கு ஆதரவாக நின்றவர்களை நானே கதவை விட்டு விலத்த வேண்டியிருந்தது. அது என் வேலை.

பெரியவர் அறையிலிருந்து வெள்ளைக்காரிக்குப் போன் போனது. வெள்ளைக்காரியிடமிருந்து முதலாளிக்கு. முதலாளி நேரில் வந்தார். காருக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

"அண்ணை, நீங்கள் இப்ப அரபுத் தலைவரோ?"

"இல்லை தம்பி."

"நான் அந்த மனுசியைக் கெஞ்சி முடிச்ச விஷயம். இந்தப் பிள்ளையள் வந்து கெடுத்துப் போட்டுதுகள். இனி உங்களை அங்க வைச்சிருக்க ஏலாதாம். ஆக்கள் படம் எடுக்க வருகினமாம்."

"சரி."

"ஹீத்ரோப் பக்கம் ஒரு கிடங்கு இருக்கு. இரவு ஷிப்ட்."

"இரவு ஏலாது."

"தெரியும் அண்ணை. ஆனா வேற இடம் இல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே."

எனக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான். காரின் கண்ணாடியில் பனிப்புகார் படிந்தது. அவர் விரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். என் மனுசி விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவருடைய காரில்தான் கொண்டுபோனது. அவரும் அதை நினைத்திருப்பார். நான் நினைவுபடுத்தவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு போனை எடுத்து ஆரோடோ கதைத்தார். தமிழில் தொடங்கி, ஜேர்மனில் ஏசி, தமிழில் முடித்தார். மச்சான் போல இருந்தது.

"குரோய்டன். ஒரு ஒபிஸ் கட்டடம். பகல். காசு கொஞ்சம் குறைவு. அங்க இருக்கிற பெடியன் கிடங்குக்குப் போகச் சம்மதிச்சிட்டான்."

"நன்றி தம்பி."

"ஒரு கண்டிஷன். ஆர் என்ன தந்தாலும் குடிக்கப்படாது."

"சரி."

"காணும் எண்டும் சொல்லப்படாது."

அதற்கு அவரே சிரித்துக்கொண்டார்.

யூனிவர்சிற்றி என்னை நாடு கடத்திவிட்டது என்று கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் எழுதினார்களாம். நான் இருப்பதும் விம்பிள்டன் பக்கம்தான், அங்கிருந்து குரோய்டனுக்கு ஒரு ட்ராம். முன்னம் போனதை விடக் கிட்ட. அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை. உங்களை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்றாள். வசந்த காலத்தில் என் பெயரில் ஒரு கோப்பி நாள் வைக்கப்போவதாகச் சொன்னாள். நல்ல பிள்ளை. நல்ல வழக்கறிஞராக வருவாள். அவள் கட்சிக்காரரை நினைக்கத்தான் பாவமாக இருக்கிறது.

புது இடத்தில் எனக்குக் கதிரை இல்லை. பரவாயில்லை, அதில் இருக்கக்கூடாது என்று சொல்லவும் ஆள் இல்லை. என் வாசலிலிருந்து பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் விசா, அகதி விண்ணப்பம் பார்க்கிற அரசாங்கக் கட்டடம். காலையில் அதற்கு முன்னால் சனம் நிற்கும். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் கடதாசி. நானும் ஒருகாலம் அங்கே நின்றவன்தான். சூடானிலிருந்து வந்தவர்கள், சிரியாவிலிருந்து வந்தவர்கள். யேமனிலிருந்தும் இருப்பார்கள். நிறத்தைப் பார்த்து என்னிடம் வந்து அரபில் ஏதாவது கேட்பார்கள். இங்கே அவர்களுக்குக் கூடாரம் இல்லை. ஒருவரும் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து வேற்றுமை என்று பேசுவதில்லை. நான் கையால் கதவைக் காட்டுவேன். நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போவார்கள்.

இருட்டுப்பட முதல் வீட்டுக்கு வந்துவிடுவேன். மனுசியைத் தூக்கி இருத்தித் தேத்தண்ணி கொடுப்பேன். இப்போது தினமும் ஒரு கேள்வி கேட்கிறாள்.

"இண்டைக்கு ஏதும் கதைச்சனீங்களோ?"

"இல்லை."

"நல்லது," என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கிறாள்.